நோன்பில் புகைந்த சிகரெட்

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கீழக்கரையில் செல்போன் கடை வைத்திருந்தேன். போனில் காசு வைத்து ரம்மி ஆடுவேன். ஆடும்போதெல்லாம் விரலிடுக்கில் சிகரெட் இருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் புகைக்க மாட்டேன். ரம்மியை மட்டும் விடவில்லை. ஆட்டம் என்ன வயிற்றுக்குள்ளா போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

ஒருநாள் மதியம் லுஹர் தொழுகை முடித்து வந்து கடைக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்தேன். தொடர்ந்து தோல்வி.

"ஏலே, நோன்பு புடிச்சுக்கிட்டு என்னலே பண்ற?" என்று நண்பன் நிஜாம் கத்தினான்.

என் வாயில் பாதி எரிந்த சிகரெட்! நோன்பு திறந்த பிறகு பிடிக்கலாமென்று சட்டைப்பையில் வைத்திருந்தது. எப்போது எடுத்தேன், எப்போது பற்றவைத்தேன், சத்தியமாகத் தெரியவில்லை. உடனே கீழே போட்டு மிதித்தேன்.

"மறந்து குடிச்சா நோன்பு முறியாதுண்டு சொல்வாங்க. ஆனா நோன்பையே மறக்குற அளவுக்கு அப்படி என்னடா ஆட்டம்?" என்றான் நிஜாம்.

அங்கேயே ரம்மியை போனிலிருந்து அழித்தேன். முன்பு மூன்று முறை சிகரெட்டை மட்டும் விட்டுப் பார்த்துத் தோற்றவன் நான். இந்த முறை இரண்டையும் சேர்த்தே விட்டேன்.

இப்போது டீக்கடையில் யாராவது போனில் சீட்டாட்டத்தைத் திறந்தால் எழுந்து வந்துவிடுகிறேன். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், என் கை இன்றும் வெறும் சட்டைப்பையைத் தடவுகிறது.