புரட்டாசியில் ஒரு வெண்ணெய் கேக்

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரிடமாவது இயேசுவைப் பற்றிப் பேசுங்கள், அதையும் தாழ்மையோடு பேசுங்கள் என்று எங்கள் சபைப் போதகர் சொன்னார். மலேசியாவில், செரண்டா ஊரில், எங்கள் தாமான் குடியிருப்பில் கோடி வீட்டு அக்காதான் எனக்குப் பக்கத்து வீடு. இருவரும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அக்கா வீட்டார் பெருமாளைக் கும்பிடுகிறவர்கள். நான் பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவள். பிள்ளைகள், குழம்பு, ரயில் தாமதம் என்று எல்லாம் பேசியிருக்கிறோம். இதை மட்டும் பேசியதில்லை. பேசினால், வேலிக்கு மேல் கிண்ணம் கைமாறுவது நின்றுவிடுமோ என்று பயம்.

எதையும் ஒழுங்காகச் செய்வது என் வழக்கம். பேச வேண்டியதை மூன்று பாகமாகப் பிரித்துக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தேன். தாழ்மைக்காகக் குரலைச் சற்று இறக்கினேன். என் கணவர் எட்டிப் பார்த்து, "தொண்ட கட்டிருச்சா?" என்றார். வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஆறு முட்டை உடைத்து வெண்ணெய் கேக் சுட்டேன். சனிக்கிழமை மாலை போனேன்.

அக்கா இரண்டு கையாலும் வாங்கி, "வாசம் தூக்குது லா தங்கச்சி," என்று மேசைமேல் வைத்தார். வெட்டவில்லை. நான் முதல் பாகத்துக்குத் தொண்டையைச் செருமியபோது, நெற்றி நிறைய நாமத்தோடு அவர் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், வந்தார்.

"பொரட்டாசி சனிக்கெழமல முட்ட கேக்கா? நல்ல ஆளும்மா நீ! அடுத்த வாரம் கோழியே கொண்டாந்துரு."

"சும்மா இருங்க. அவளுக்கு என்னா ஞாபகமோ!"

அவர்கள் அந்த மாதம் முழுக்கச் சைவம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தாழ்மையை ஒத்திகை பார்த்த மும்முரத்தில் மறந்துபோனது. மன்னிப்புக் கேட்டு, கேக்கைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

"உக்காரு. சக்கரப் பொங்கல் சாப்ட்டு போ," என்று அக்கா மூடிய கிண்ணம் ஒன்றை நீட்டினார். சாமிக்குப் படைத்ததை நான் சாப்பிடுவதில்லை. என் தயக்கத்தைப் பார்த்துவிட்டு, "இது படைக்காதது. ஒனக்குன்னு மொதல்லயே எடுத்து வச்சிட்டேன்," என்றார்.

"எப்பவுமேவாக்கா?"

"தீவாளி, பொங்கல், எல்லாத்துக்கும் அப்டித்தான்."

"பெருமாளையே காத்திருக்க வச்சிட்டு ஒனக்குப் போடுறா. நான் கேட்டா கரண்டியால அடி!" என்றார் அண்ணன்.

படைக்கும் முன் உப்புக்கூடப் பார்க்காத வீடு அது. இத்தனை வருடத்தில் அக்கா அதை ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. என் மூன்று பாகமும் பொங்கலோடு உள்ளே இறங்கிவிட்டது.

"என்னமோ பேசணும்னு வந்த மாதிரி இருந்துச்சே?"

"எங்க இயேசுவப் பத்திச் சொல்ல வந்தேங்க்கா."

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டார். "நீளமா?"

"நீளமாத்தான் வச்சிருந்தேன். சின்னதாச் சொல்றேன் அண்ணே."

இறப்பதற்கு முந்தின இரவு, அவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவியதை என் வழக்கமான குரலிலேயே சொன்னேன். காட்டிக்கொடுக்கப் போகிறவனும் அங்கே உட்கார்ந்திருந்தான் என்றேன்.

"அவன் காலையுமா?" என்றார் அக்கா.

"அவன் காலையும்."

அக்கா கிண்ணத்தில் இன்னொரு கரண்டி பொங்கல் போட்டார்.

கேக்கை என் வீட்டு ஐஸ் பெட்டியில் உறைய வைத்தேன். புரட்டாசி முடிந்த மறுநாள் காலை, அண்ணன் வேலியோரம் தட்டோடு நின்றார்.

"அந்தக் கேக்கக் கொண்டா. அந்தாளு கால் கழுவுனதுக்கு அப்புறம் என்னாச்சுன்னும் சொல்லு. ஒங்கக்கா ரெண்டு வாரமா என்னையே கேக்குறா, எனக்கு என்னா தெரியும்?"