லைட்ஹவுஸ் பாறை வரைக்கும்

சனி, ஞாயிறுகளில் விழிஞ்ஞத்தில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடப்பது என் வேலை. தம்பானூரில் ஒரு சின்ன டிராவல்ஸ் ஆபீஸ். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் தமிழில் சொல்ல ஒருத்தி வேண்டும் என்று என்னை வைத்திருந்தார்கள். குகைக் கோயிலில் தொடங்கி, மீன்பிடித் துறைமுகம் வழியாகப் போய், கோவளம் லைட்ஹவுஸ் கடற்கரையில் முடிப்போம். மூன்று மணி நேரம் ஆகும்.

ஆடி கழிந்த சமயம். அந்த ஞாயிறு காலையிலேயே தூறல் பிடித்துக்கொண்டது. பெயர் கொடுத்திருந்தவர்களில் இரண்டு பேர்தான் வந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும். இருவருக்கும் ஐம்பது கடந்திருக்கும். அவர் சலவை வேட்டியை முழங்கால்வரை மடித்துக் கட்டியிருந்தார். அந்த அம்மாள் ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

குகைக் கோயில் வாசலில் ஆய் மன்னர்களைப் பற்றிச் சொன்னேன். இது அவர்களுடைய துறைமுகமாக இருந்தது, சோழனும் பாண்டியனும் இதற்காகச் சண்டை போட்டார்கள், பாறையில் செதுக்கிய சிவனைப் பாதியில் விட்டிருக்கிறார்கள். அவர் தலையாட்டிக் கேட்டார். அந்த அம்மாள் சிலையைப் பார்க்கவேயில்லை.

நான் பேசி முடித்ததும் அவர் கேட்டார். "இங்கேருந்து கடலு எம்புட்டு தூரம்மா?"

"பக்கந்தான் அண்ணாச்சி. அங்கதான் போறோம்."

துறைமுகத்தில் படகுகள் கட்டிக் கிடந்தன. அப்பால் புதுத் துறைமுகத்தின் கிரேன்கள் மழையில் மங்கித் தெரிந்தன. அவற்றின் உயரத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். எல்லாரும் அந்த இடத்தில்தான் போன் எடுத்துப் படம் பிடிப்பார்கள். அந்த அம்மாளும் பையிலிருந்து போனை எடுத்தாள். கிரேன் பக்கம் திருப்பாமல் என் முகத்துக்கு நேரே நீட்டினாள். திரையில் சமையல்காரத் தொப்பி போட்ட ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"எம் மவன்," என்றாள். "கோவளத்துல ஓட்டல்ல வேல பாத்தான். ஆனி மாசம் லீவு நாள்ல கூட்டாளிகளோட கடலுக்குப் போயிருக்கான். அல இழுத்துட்டுப் போயிட்டுன்னாவ. இன்னும் கெடைக்கல."

 மீதியை அவள் கணவர் சொன்னார். "அப்பமே வந்தோம்மா. ரெண்டு நாளு போலீஸ் ஸ்டேஷன்லயே இருந்துட்டுப் போனோம். அவுக பேசுதது எங்களுக்கு வெளங்கல. அவன் போன எடத்தக்கூடப் பாக்கல. தமிழ்ல சொல்லி எடம் காட்டுத ஆளு இருக்குன்னு தங்கச்சி மவன்தான் போன்ல பாத்துச் சொன்னான்."

சரித்திரத்தை அத்தோடு நிறுத்தினேன். மூவரும் கோவளத்துக்கு நடந்தோம்.

கடற்கரையில் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். லைஃப்கார்டு ஒருவர் மழைக்கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் எழுந்து நின்றார். அன்றைக்கும் அவருக்குத்தான் டியூட்டி. லைட்ஹவுஸுக்குக் கீழே இருந்த பாறையைக் காட்டி மலையாளத்தில் சொன்னார். மூன்று பேர் பாறைமேல் ஏறினார்கள், விசில் ஊதினேன், பெரிய அலை ஒன்று வந்தது, மற்ற இருவரும் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தன் ஒரு தடவை மேலே வந்தான். சத்தம் போட்டான். நான் நீந்திப் போய்ச் சேர்வதற்குள் ஆள் இல்லை.

அவர் சொன்னதைத் துண்டுதுண்டாகத் தமிழில் சொன்னேன். மேலே வந்ததையும் சத்தம் போட்டதையும் விட்டுவிட்டேன்.

அந்த அம்மாள் பாறையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "கூப்பிட்டானாம்மா?"

"இல்லக்கா. அல வந்ததும் உடனே போயிட்டாராம்."

லைஃப்கார்டுக்குத் தமிழ் கொஞ்சம் புரிந்திருக்கிறது. தப்பைத் திருத்துகிற நினைப்பில், "விளிச்சு சேச்சி, விளிச்சு," என்றார்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். விளித்தான் என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"யாரக் கூப்பிட்டான்?"

"அறியில்ல," என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் அழவில்லை. நனைந்த மணலில் உட்கார்ந்தவள் நெடுநேரம் எழுந்திருக்கவேயில்லை. அவள் கணவர் குடையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். நான் ஏன் பொய் சொன்னேன் என்று இருவருமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஸ் ஏறும்போது அவர் என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சாயங்காலம் அந்த அம்மாள் போன் செய்வாள். "ஏதும் தெரிஞ்சுதாம்மா?" என்று மட்டும் கேட்பாள். அதற்காகவே நடை முடிந்ததும் துறைமுகத்துக்குத் திரும்பிப் போய்ப் படகுக்காரர்களிடம் விசாரித்துவிட்டு வருவேன். முதலில் நின்று பதில் சொன்னவர்கள் போகப்போக என்னைக் கண்டதும் வலைப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒரு வயதான மீன்காரர்தான் கடைசியில் சொன்னார். "இனி சோதிக்கண்டா மோளே. இத்ர நாளாயில்லே."

இனிமேல் கேட்காதே, இத்தனை நாளாகிவிட்டதே என்றார். அதை அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது? "இன்னும் ஒண்ணும் தெரியலக்கா" என்றே சொல்லிவந்தேன்.

புரட்டாசியில் ஸ்டேஷனிலிருந்து அவர்களுக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. எல்லாம் மலையாளம். அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு இருவருமாகக் கூப்பிட்டார்கள். "ஒரு எழுத்து விடாம வாசிங்கம்மா," என்றார் அவர்.

இந்த முறை எதையும் விடவில்லை. மகனின் வயது, அடையாளம், அவன் போட்டிருந்த நீலச் சட்டை, தேடிய நாட்கள், எல்லாவற்றையும் வாசித்தேன். உடல் கிடைக்கவில்லை. மேற்கொண்டு தகவல் கிடைத்தால் தெரிவிக்கப்படும்.

"கெடச்சா சொல்லுவோம்னு போட்டிருக்காவளா?" என்றாள் அந்த அம்மாள்.

"ஆமாக்கா."

"அப்ப இன்னும் தேடுதாவ."

அந்தப் பக்கம் எங்கோ குக்கர் விசிலடித்தது. அது அடங்கியதும் சொன்னேன்.

"இல்லக்கா. தேடுறத நிறுத்திட்டாங்க. அதச் சொல்லத்தான் எழுதியிருக்காங்க."

"சரிம்மா, வைக்கேன்," என்றது அவள் கணவர் குரல்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நானே மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். மணி அடித்து அடித்து நின்றது. நான்காவது தடவை கூப்பிட எனக்குத் துணிவு வரவில்லை.