அண்ணிக்குச் சொல்லிக் கொடுத்த ‘தி’

அண்ணன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த மறு வருஷம், அண்ணிக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தொரு வயசு. பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா என்று சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும். ஆரணியில் பட்டுத் தறி இருக்கிற வீட்டில் யார்தான் சும்மா இருந்தார்கள்? ஒரு தறியில் அப்பா, ஒரு தறியில் அண்ணி. ஊடை நூலைத் தாரில் சுற்றிக் கொடுப்பது நானும் அம்மாவும்.

அண்ணன் ஒரு அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்தான். அவன் போனதால் அண்ணிக்கு வாரிசு வேலை வரும் என்றார்கள். ஆனால் பத்தாவது தேறியிருக்க வேண்டும். அண்ணி பத்தாவதில் எல்லாவற்றிலும் தேறி, இங்கிலீஷில் மட்டும் நாலு மார்க்கில் கோட்டை விட்டவர். அந்த ஒரு பேப்பரை எழுதித் தேறிவிட்டால் கிளார்க் வேலை. எந்த ஊரில் இடம் காலியோ அங்கே போக வேண்டியதுதான். “ஆர்டர் எங்க போடுவாங்கன்னு நாங்க சொல்ல முடியாதும்மா” என்று ஆபீசில் கையை விரித்துவிட்டார்கள்.

அண்ணி போனால் பாப்பாவும் போகும். அண்ணனின் மகளுக்கு அப்போது நாலு வயசு. அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளிலிருந்து ‘அத்தை, அத்தை’ என்று என் பக்கத்தில்தான் படுத்துக்கொள்ளும். நான் தலை சீவினால்தான் உட்காரும். சாப்பிடும்போது என் மடியில் காலைப் போட்டுக்கொள்ளும். சிரித்தால் அப்படியே அண்ணன். அந்தக் குழந்தை இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் சாக்குச் சொல்வது போல இருக்கும்.

பாடம் தறிக்குப் பக்கத்திலேயே நடந்தது. அண்ணி தறிக்குழியில் காலை விட்டு நெய்துகொண்டிருப்பார், நான் எதிரே கைடை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கட்டுரை, கடிதம் எல்லாம் உருப் போட்டுவிட்டார். மனப்பாடத்தில் புலி. ஊர், ஆறு, மலைப் பெயர்களுக்கு முன்னால் எங்கே ‘the’ என்கிற அந்தத் ‘தி’ போடுவது, எங்கே விடுவது என்பதில்தான் தடுமாறினார். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லி அதில் ஐந்து மார்க் வரும். நாலு மார்க்கில் போனவருக்கு ஐந்து மார்க் என்றால் சும்மாவா?

நைல், ஆல்ப்ஸ் என்று கைடில் இருந்ததைச் சொன்னால் அவருக்கு ஏறவில்லை. எனக்கோ பொறுமை கிடையாது. “எத்தன தடவ சொல்றது அண்ணி?” என்று கத்துவேன். அவர் பதிலுக்குக் கத்த மாட்டார். அறுந்த இழையை முடிந்துகொண்டே யோசிப்பார்.

ஒரு நாள் நைலைத் தூக்கிப் போட்டுவிட்டு நம் ஊரை எடுத்துக்கொண்டேன். ஆரணிக்கு ‘தி’ கிடையாது. ஆற்றுக்கு உண்டு. கமண்டல நாகநதிக்கு உண்டு.

“தண்ணியே வராத ஆத்துக்குமா?”

“ஆறுன்னா ஆறுதான் அண்ணி. தண்ணி வந்தா இன்னா, வராட்டி இன்னா?”

“அப்ப செய்யாறு?”

“ஊருக்கு வேணாம். ஆத்துக்கு வேணும்.”

“இன்னாம்மா பேஜாரா கீது! பஸ்ஸ உட்டு எறங்குனா ‘தி’ கெடையாது, கால நனைச்சா ‘தி’யா?”

அப்பா தன் தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அண்ணன் போனதற்குப் பிறகு அந்த வீட்டில் பெரியவர்கள் சிரித்த முதல் சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அண்ணி விடவில்லை. எங்கள் பக்கத்தில் இருக்கிற திருமலை ஒற்றை மலை, அதற்கு வேண்டாம். ஜவ்வாது மலை கூட்டமாக நிற்கிறது, அதற்கு வேண்டும். தேசூருக்கு வேண்டாம். வங்காள விரிகுடாவுக்கு வேண்டும். இந்தியாவுக்கு வேண்டாம், இந்தியப் பெருங்கடலுக்கு வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ள அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தறிக்குழியில் காலால் அழுத்தும் மிதிகட்டை இரண்டு உண்டு. தறி நிற்கும் நேரத்தில் நான் ஒரு பெயரைச் சொல்வேன். ‘தி’ வேண்டும் என்றால் இடது கால், வேண்டாம் என்றால் வலது கால். வாயால் பதில் சொல்லவே மாட்டார். கங்கை என்றால் இடது கால் இறங்கும், டெல்லி என்றால் வலது. பத்தே நாளில் ஐம்பது பெயருக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. நான்கூட அவ்வளவு ஜல்தியாகச் சொல்ல மாட்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள்.

“இன்னாடி, உங்கண்ணி பாஸ் பண்ணிடுவாளா?”

“பண்ணிடுவாங்கம்மா.”

“நீ ரொம்ப ஜோராத்தான் சொல்லிக் குடுத்துகினு கீற. அவ பாஸ் பண்ணா புள்ளய இட்டுகினு பூடுவா. அப்பறம் நீயும் நானும் செவத்தப் பாத்துகினு குந்திகினு இருக்கணும்.”

அவ்வளவுதான் சொன்னாள். தப்பாகச் சொல்லிக் கொடு என்று அம்மா சொல்லவில்லை. அந்தப் பாவம் முழுக்க என்னுடையது.

மறுநாள் காலை கைடைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். “அண்ணி, இந்தக் கைடு பழசு. இப்ப மாத்திட்டாங்க. ஆத்துக்கும் கடலுக்கும் ‘தி’ வேணாமாம். கூட்டமா இருக்கற மலைக்கும் வேணாம். ஒத்த மலைக்குத்தான் வேணும்.”

அவர் சந்தேகப்படுவார், எதிர்த்துக் கேட்பார், அப்போது சிரித்து மழுப்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அவர் கேட்கவில்லை. “கைடு போட்டவன் இன்னா படிச்சானோ. நீ பி.ஏ. படிச்சவ, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். பிறகு குனிந்து தன் கால்களைப் பார்த்தார். “இதுங்கள மறுபடியும் பழக்கணும்” என்றார்.

பழக்கினார். அதுதான் கொடுமை. நாலு நாள், கங்கை என்றதும் இடது கால் தானாக இறங்கும், அவர் அதை இழுத்து நிறுத்தி வலது காலை அழுத்துவார். தப்பு வந்தால் தன் முழங்காலில் தானே ஒரு அடி போட்டுக்கொள்வார். பாப்பா அதைப் பார்த்துவிட்டு அதுவும் தன் முழங்காலில் அடித்துக்கொண்டு சிரித்தது. நான் பெயர்களைப் படித்துக்கொண்டே இருந்தேன். படிக்காமல் இருந்திருக்கலாமே! எழுந்து போயிருக்கலாமே! செய்யவில்லை.

பரீட்சை சென்டர் வந்தவாசியில். அண்ணி தனியாக எங்கும் போய்ப் பழக்கமில்லாதவர் என்பதால் நான் துணைக்குப் போனேன். பாப்பாவை அம்மாவிடம் விட்டுவிட்டு விடிந்ததும் பஸ் பிடித்தோம். அண்ணிக்கு ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. மடியில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஹால் டிக்கெட், இரண்டு பேனா. நெற்றியில் கோயில் திருநீறு. ஊர் தாண்டும் வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. நான் கீழே பார்த்தேன். தேய்ந்துபோன செருப்புக்குள் அவருடைய வலது கால் ஒருமுறை அழுந்தியது. மறுபடி ஒருமுறை. ஆறுகளும் கடல்களும் போய்க்கொண்டிருந்தன. ஒன்றிலும் இடது கால் அசையவில்லை. நான் சொல்லிக் கொடுத்தபடியே, ஒன்றுவிடாமல், தப்பாக.

“அண்ணி” என்றேன். “நான் உங்களுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்.”

கண்ணைத் திறந்தார். “எது?”

“அந்த ‘தி’. மொதல்ல சொன்னதுதான் சரி. மாத்தினதா சொன்னது பொய்.”

“மறந்துட்டியா?”

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அண்ணி நம்பியிருப்பார், என்னைத்தான் சமாதானப்படுத்தியிருப்பார்.

“இல்ல அண்ணி. தெரிஞ்சேதான் சொன்னேன். நீங்க பாஸ் பண்ணா பாப்பாவ இட்டுகினு பூடுவீங்கன்னு.”

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ் இரண்டு ஊரில் நின்று கிளம்பியது. கூடையோடு ஏறிய ஒரு அம்மாள் எங்கள் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாள். அண்ணி அவளுக்கு “பரவாயில்லீங்க” என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“இன்னும் எவ்ளோ நேரம் ஆவும் வந்தவாசி?”

“முக்கா மணி நேரம்.”

“சரி, சொல்லு. மொதல்லேர்ந்து சொல்லு.”

சொன்னேன். பாதியிலேயே அழ ஆரம்பித்துவிட்டேன். “அழுவாத சொல்லு, எனக்கு டயம் இல்ல” என்று அதட்டினார். அவர் என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை. இந்தத் தடவை அவர் காலை நம்பவில்லை. ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுச் சொன்னார். பக்கத்து சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவர் கவலைப்படவில்லை. வந்தவாசி பஸ் ஸ்டாண்டு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடத்தின் கேட்டுக்கு வெளியே நின்று கவரிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்தார். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். கோபம் இருந்ததா என்று கேட்டால், இல்லை. சோர்வுதான் இருந்தது.

“வேல கெடச்சா பாப்பாவ உங்கிட்டயே உட்டுட்டுப் போலாம்னு இருந்தேன்” என்றார். “தெரியாத ஊர்ல நான் ஆபீசு போய்ட்டா அத யாரு பாத்துப்பாங்க? நீதான் கீறியேன்னு தைரியமா இருந்தேன். வாராவாரம் வந்து பாத்துட்டுப் போலாம்னு நெனச்சேன்.”

நான் அவர் கையைப் பிடித்தேன். மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

“இப்ப எப்படிம்மா உடறது?”

மணி அடித்தார்கள். உள்ளே போய்விட்டார்.

அண்ணி தேறினார். நாற்பத்தேழு மார்க். ஆர்டர் வர ஒன்றரை வருஷம் ஆனது. வந்ததும் அதே வந்தவாசிப் பக்கம்தான், எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார். அது போகும்போது என் புடவையைப் பிடித்துக்கொண்டு விடாமல் அழுதது. அவர்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவர் ஆபீஸ் முடியும் வரை குழந்தையைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு அம்மாள், முன்பின் தெரியாதவள்.

அம்மாவுக்குக் காரணம் தெரியாது. “கல்நெஞ்சுக்காரி, கெட்டியா ஒரு வேல வந்ததும் நம்மள மதிக்கல பாரு” என்று வருவோர் போவோரிடமெல்லாம் அண்ணியைத் தூற்றினாள். அது அண்ணியின் காதுக்கும் போனது. லீவு விட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு வருவார். என்னிடம் நல்லபடியாகப் பேசுவார், எனக்குக் கல்யாணம் ஆனபோது முதல் ஆளாக வந்து நின்றார். ஆனால் மகளைத் தன் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொள்வார். போகும்போது கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

ரெண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு கோடை லீவில், பெண் ஓரளவு வளர்ந்துவிட்ட நேரம், நானும் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தேன். அண்ணி கிளம்ப நின்றார். அம்மா பொறுக்க மாட்டாமல் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

“நாலு நாள் புள்ளய உட்டுட்டுப் போனா இன்னா? நாங்க தின்னுடவா போறோம்? அப்படி இன்னா பண்ணிட்டோம் உனக்கு?”

அண்ணி என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தது போல இருந்தது. பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “அங்க டியூஷன் கீதுங்க அத்தே, லீவு போட முடியாது” என்றார். “உன் கொழுப்பு எனக்குத் தெரியாதா?” என்று அம்மா கத்தினாள். அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.