எனக்கும் கரித்தது

என் ஒன்பதாவது வயதில் எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. தம்பிக்கு வந்த வியாதி எனக்கும் வர வேண்டும். சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் இருந்திருந்தால் நீங்களும் ஆசைப்பட்டிருப்பீர்கள்.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் ஆழ்குழாய்க் கிணற்றுக்குப் போர் போட்டுக்கொண்டிருப்பார். மழைக்காலத்தில்தான் ஊர் திரும்புவார். வீட்டில் அம்மா, நான், ஐந்து வயதுத் தம்பி. அவனுக்குப் பிறந்ததிலிருந்தே சளி. டி.பி. என்றார் ஒருவர், ஈளை இழுப்பு என்றார் இன்னொருவர். பையனுக்கு முத்தம் கொடுத்தால் உப்புக் கரிக்கிறது என்று அம்மா மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள். "வேர்வை பின்ன சக்கரையாவா இருக்கும்?" என்று சொந்தக்காரர்கள் கேலி பேசினார்கள். கடைசியில் வேலூருக்குப் போய் வேர்வையைச் சோதித்தபோது அம்மாவின் நாக்கு சொன்னதுதான் சரி என்று ஆனது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று பெயர் சொன்னார்கள். உடம்பில் ஊறுகிற சளி பசை மாதிரி கெட்டியாகி நுரையீரலை அடைக்கும், தின்றது செரிக்காது, வேர்வையில் உப்பு அதிகமாக வெளியேறும். தாய், தகப்பன் இரண்டு பேரிடமும் அது ஒளிந்திருந்தால்தான் பிள்ளைக்கு வருமாம். அம்மா கட்டியிருந்ததோ சொந்த அத்தை மகனை. பேசுகிற வாய்களுக்கு அது போதாதா?

ஒன்பது வயதுக்கு இதெல்லாம் எங்கே உறைக்கிறது? எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. அவனுக்கு நாளைக்கு மூன்று முட்டை, எனக்கு ஒன்று. அவன் சோற்றில் நெய் மிதக்கும். காலையிலும் சாயங்காலமும் அம்மா அவனைத் தலையணை மேல் குப்புறப் போட்டு, உள்ளங்கையைக் குவித்து முதுகில் டொப்பு டொப்பென்று அரை மணி நேரம் தட்டுவாள், சளி இளகி வெளியே வருவதற்காக. தட்டிக்கொண்டே கதை சொல்வாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றால், "நீ நல்லாத்தான இருக்கற, போய்ப் படி சாமி" என்பாள். நல்லா இருப்பது அவ்வளவு பெரிய குற்றம்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துணிந்துவிட்டேன். டம்ளர் தண்ணீரில் ஒரு கை கல்லுப்பைப் போட்டுக் கரைத்து, நெற்றி, கழுத்து, இரண்டு கை என்று வஞ்சனையில்லாமல் பூசிக் காயவிட்டேன். தம்பியைத் தட்டி முடித்து உட்கார்ந்திருந்த அம்மாவின் மடியில் போய் விழுந்து, பொய்யாக நாலு இருமல் இருமினேன். காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தவள், குனிந்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

கொடுத்தவளுக்கு முகம் வெளுத்துப்போனது. மறுபடியும் நெற்றியில் நாக்கை வைத்துப் பார்த்தாள். பிறகு கழுத்தில், கையில். செல்போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க... இவளுக்கும் கரிக்குதுங்க."

ரிக் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை சொல்வதற்குள் அம்மா அழுதுவிட்டாள். அந்தப் பக்கம் மிஷின் சத்தம் நின்றது. விசாரித்துத் தெரிந்துகொண்ட அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"வாரேன்."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அம்மா என்னையும் தலையணை மேல் போட்டுத் தட்ட ஆரம்பித்துவிட்டாளே! எத்தனை நாள் ஏங்கிய கை அது. கதைக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. முதுகில் சூடாகச் சொட்டுச் சொட்டாக விழுந்தது. செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன் என்று அப்போதுதான் பயம் பிடித்தது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி சத்தம் காட்டாமல் கிடந்தேன்.

மறுநாள் காலையிலேயே சேலம் பஸ் ஏறினோம். ஃபேர்லேண்ட்ஸில் தம்பிக்கு வழக்கமாகக் காட்டும் ஆஸ்பத்திரி. டாக்டர் வர நேரமாகும் என்று எங்களை கவுன்சலிங் மேடத்தின் அறையில் உட்கார வைத்தார்கள். மற்ற பிள்ளைகள் முன்னால் மாத்திரை விழுங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் தம்பியிடமும், 'எல்லாம் என் ரத்தத்தாலதான்' என்று மருகும் அம்மாவிடமும் மாதாமாதம் பேசுகிறவர் அவர். மனசு டாக்டர் என்பான் தம்பி. அன்றைக்கு அம்மா பேசப் பேச அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவையும் தம்பியையும் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார்.

"நீ எப்படி இருக்கே பாப்பா?"

எத்தனையோ முறை அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கிறேன். அங்கே என்னை யாரும் கேட்காத கேள்வி. ஓவென்று அழுது, உப்பு, டம்ளர், முட்டை, கதை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானே சொன்னேன்.

முதுகுத் தோல் உரிந்துவிடும் என்று நினைத்தேன். அம்மா அடிக்கவில்லை. "அட கிறுக்குப் புள்ள, கிறுக்குப் புள்ள" என்று எனக்கு மூச்சு முட்டும்படி கட்டிக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். விஷயத்தைப் போனில் சொல்வதற்குள் அப்பா பாதி வழி வந்துவிட்டார். மூன்றாம் நாள் காலையில் மண் அப்பிய சட்டையோடு வாசலில் நின்று, "எங்க அந்த உப்புக்காரி?" என்று கேட்டு என்னைத் தூக்கிக்கொண்டார்.

மேடம் அம்மாவுக்கு ஒரு வேலை கொடுத்தனுப்பினார். தம்பியைத் தட்டி முடித்ததும் பத்து நிமிடம் எனக்கு. தட்ட வேண்டாம், கூட இருந்து பேசினால் போதும். அம்மா அதை மருந்துச் சீட்டில் எழுதியது போலக் கடைப்பிடித்தாள். யாரும் எழுதிக் கொடுக்காத ஒன்றும் கூடவே சேர்ந்துகொண்டது. பள்ளிக்கூடம் கிளம்பும்போது தினமும் என் நெற்றியில் ஒரு முத்தம். காலேஜ் போகிற வயதில்கூட பஸ் நிற்கிற இடத்தில் வைத்துக் கொடுப்பாள். மானம் போகும். ஆனாலும் உள்ளுக்குள் பெருமைதான். ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரில் அம்மாவை ஜெயித்துவிட்டேன் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் எனக்கு மகள் பிறந்தாள். சித்திரை வெயிலில் தொட்டிலில் வேர்த்துக் கிடந்தவளை அம்மா தூக்கி, நெற்றியில் உதட்டை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். எனக்குக் கொடுக்கிற அதே முத்தம். அதை எதிரிலிருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இல்ல சாமி, கரிக்கல" என்றாள், யாரும் எதுவும் கேட்காமலே.

நெபுலைசரில் மருந்து இழுத்துக்கொண்டிருந்த தம்பி மாஸ்க்கை இறக்கினான். இருபத்தொரு வயது ஆள் இப்போது. "அக்காளுக்கு இத்தன வருசம் பாத்தது பத்தலியாம்மா?" என்று சிரித்தான். அவனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

"மேடம் எத்தனையோ தடவ சொன்னாங்க கண்ணு, உட்ருங்கன்னு" என்றாள் அம்மா என்னிடம், தப்புச் செய்தவள் மாதிரி. "ஒரு நாள் பாக்காம அனுப்புனாலும் அன்னைக்குப் பூரா ஊட்டுல இருப்புக் கொள்ளாது."

பூசிய உப்பை நான் அன்றைக்கே கழுவிவிட்டேன். அம்மாவின் நாக்கிலிருந்து அது போகவே இல்லை என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று. எழுந்து போய் அவள் முன்னால் உட்கார்ந்து நெற்றியை நீட்டினேன். பார்த்துக்கொள்ளட்டும்.