பச்சை நூல்

என் அக்காவின் வீட்டுக்காரருக்கு ஆபீசில் 'பட்டியல்' என்று பெயர். அடித்தளத்தில் இருக்கும் பழைய கோப்பு அறைக்கு அவர்தான் பொறுப்பு. நான் அதே ஆபீசில் டைப்பிஸ்ட். இருபத்திரண்டு வருஷமாக அந்த மனிதரோடு வீட்டிலும் ஆபீசிலும் மல்லுக்கட்டுகிறேன். என் தலையெழுத்து.

வாழ்க்கையில் அவர் படித்தது ஒரே ஒரு நாவல். கப்பல் உடைந்து தீவில் தனியாக ஒதுங்கியவனின் பழைய ஆங்கிலக் கதை, தமிழில் சுருக்கியது, அட்டை போனது. "எழுதினவன் அந்தத் தீவுப் பக்கமே போனதில்ல மச்சான். ஆனா படிச்சவன் எல்லாம் நம்பினான். ஏன்? கடல் சீறுச்சு, வானம் அழுதுச்சுன்னு ஜோடிக்கல. எத்தனை ஆணி, எத்தனை நாள் மழை, அத எழுதினான்" என்பார். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்று நம் ஆட்கள் ஒரே வரியில் முடித்ததை இவர் வாரம் ஒருமுறை விளக்குவார்.

இந்த வித்தை முழுக்க அடுத்தவர்களின் லீவு லெட்டருக்குப் போனது. ஒருமுறை பியூனுக்கு எழுதிக்கொடுத்தார்: 'மாலை 4.20-க்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். தெர்மாமீட்டரின் முனையில் கீறல் இருந்ததால் பச்சை நூல் சுற்றியிருந்தோம்.' மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. "பச்சை நூலப் பத்தி எவன்யா பொய் சொல்லுவான்?" என்றார். பியூன் அன்றைக்கு சினிமாவுக்குப் போயிருந்தான். அதிலிருந்து எங்கள் வீட்டில் நம்பும்படியான பொய்க்கெல்லாம் பச்சை நூல் என்றே பெயர்.

இவருடைய ஒரே மகள் தானே ஒரு பையனைப் பார்த்துக்கொண்டாள். பையன் தங்கம். ஆனால் எத்தனை வருஷப் பழக்கம் என்று இவர் கேட்டதற்கு, "ஒரு நாலஞ்சு வருஷம் இருக்கும் மாமா" என்று சொல்லித் தொலைத்தான். இவர் தாம்தூம் என்று குதித்தார். "நாலா அஞ்சான்னு தெரியாதவனுக்கா பொண்ணக் குடுக்கிறது? நான் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்." மகள் ஒரு மாதம் கெஞ்சினாள். கடைசியில் இறங்கிவந்தார். சனிக்கிழமை பத்து மணிக்குப் பதிவுத் திருமணம், சாட்சிக் கையெழுத்து அப்பாதான் என்று முடிவானது.

சனிக்கிழமை அவர் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரியே வீட்டுக்கு வந்திருக்கவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. "கோவிச்சுக்கிட்டு எங்கயாவது உக்காந்திருப்பார், பசிச்சா வருவார்" என்றாள் அக்கா. ஃப்ரிட்ஜ் வாங்கின சண்டையில் மூன்று நாள் லாட்ஜில் போய் இருந்தவர் என்பதால் எங்களுக்கும் அது சரியென்று பட்டது. பதிவாளர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் மகள் வாசலிலிருந்து கண்ணை எடுத்தாள். சாட்சிக் கையெழுத்தை நான் போட்டேன்.

நடந்தது இதுதான். மாப்பிள்ளைக்குக் கொடுக்க அந்த நாவலை எடுத்துவரலாம் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோப்பு அறைக்குள் போயிருக்கிறார். தன் ராஜ்ஜியத்துக்கென்று ரகசியமாகச் செய்துவைத்திருந்த கள்ளச்சாவியால் திறந்திருக்கிறார். போன் மேலே மேஜை டிராயரில். ஆபீஸ் சாவி கொக்கியில் தொங்கினால் உள்ளே ஆள் இல்லை என்பது வாட்ச்மேனின் சட்டம். அந்த ஆள் எட்டிப் பார்க்காமல் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை வாட்ச்மேன் தாழ்ப்பாளைத் திறக்க, பட்டியல் மேலே வந்தார். மூன்று நாள் தாடி, தலையில் கோப்பு அட்டையில் செய்த தொப்பி, கையில் பதினொரு பக்க அறிக்கை. 'பிஸ்கட் பதினான்கு. தண்ணீர் ஒன்றரை பாட்டில். மேல்தளக் குழாய் ஒழுகுவதால் தொப்பி. எலி ஒன்று, இடது காது மடிந்தது. ஞாயிறு மதியத்திலிருந்து கூப்பிட்டால் வருகிறது.' ஆபீசே கைதட்டியது. மேனேஜர், "எலி காது பிரமாதம்யா" என்றார். வேலை போய்விடும் என்று பயந்த வாட்ச்மேன், சார் இன்றைக்குக் காலையில்தான் வந்தார் என்று சத்தியம் செய்துவிட்டார். தாடியையும் ஜோடனை என்றார்கள். உண்மையைச் சொல்லட்டுமா? நானும் நம்பவில்லை.

அன்று சாயங்காலம் மகள் வீட்டுக்கு அவரோடு போனேன். சோபா நுனியில் உட்கார்ந்து பதினொரு பக்கத்தையும் படித்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"இடது காது. பச்சை நூலுப்பா" என்றாள். "வரப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லியிருக்கலாம்."

"சத்தியமா உள்ளேதாம்மா இருந்தேன்."

அவள் அறிக்கையை வாங்கிப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நின்றாள். "சனிக்கிழமை 9.40-க்கு எழுதியிருக்கீங்க. அடுத்தது 1.15. நடுவுல ஒண்ணுமே இல்லையே. பத்து மணிக்கு என்ன பண்ணீங்க?"

அவர் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தார். "தெரியலம்மா. கதவத் தட்டினேன். உன் பேரச் சொல்லிக் கத்தினேன்னு நெனைக்கிறேன்."

"எவ்வளவு நேரம்?"

"பாக்கலம்மா. கடிகாரம் கையிலதான் இருந்துச்சு. பாக்கத் தோணல."

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வாயிலிருந்து கணக்கில்லாத ஒரு பதிலை அன்றைக்குத்தான் கேட்டேன். மகள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

பையனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தண்ணீர் டம்ளரை நீட்டியபடி, "ஒரு மூணு நாலு மணி நேரம் தட்டியிருப்பீங்களா மாமா?" என்றான்.

தொலைந்தான் என்று நினைத்தேன். அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"இருக்கும் மாப்ள" என்றார். "மூணோ, நாலோ."