நனையாத மூட்டை

குரங்கணியிலிருந்து போடிக்குப் பொதிமாட்டில் ஏலக்காய் இறக்குவது என் தொழில். என் மூட்டை ஒருநாளும் நனைந்ததில்லை என்பதில் எனக்குத் திமிரே உண்டு. சென்ற ஐப்பசியில், காய்ச்சலில் கிடந்த என் ஐந்து வயது மகளையும் வைத்தியரிடம் காட்டுவதற்காகத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. என்னிடம் இருந்தது ஒரே கம்பளி. அதை மூட்டைகள் மேல் போர்த்தினேன்.

“அப்பா, குளிருதுப்பா.”

“செத்த பொறு ஆத்தா, வெரசா போயிரலாம்.”

போடியில் முதலில் மண்டிக்குத்தான் போனேன். வியாபாரி மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்து, “உன்னைய மாதிரி ஆளு இந்த மலையிலயே கெடையாதுப்பா” என்றார். பிள்ளை தோளில் நடுங்க, நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். அதன் பிறகுதான் வைத்தியர் வீடு.

மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டாள். அழுது ஓய்ந்த என் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்: “ஏலக்கா நனையலேல்ல?”

இப்போதெல்லாம் மழை வந்தால், பாதையில் யார் பிள்ளை நடந்து வந்தாலும் கம்பளியை அதன் மேல் போர்த்திவிடுகிறேன். மூட்டை நனைகிறது. “நீ ஒண்ணுக்கும் ஒதவாத ஆளாப் போயிட்டயே” என்கிறார் வியாபாரி. அப்படி ஆனது இப்போதல்ல, அவர் என்னை மெச்சிய அன்றைக்கே.