பரவாயில்ல என்றால் எத்தனை?

விளையாட்டு அறிவியல் படிக்கிறேன் என்றால் தில்லித் தமிழர்கள் இரண்டு கேள்விதான் கேட்பார்கள்: எந்த விளையாட்டு, பி.டி. வாத்தியார் வேலையாவது கிடைக்குமா? பஸ் பிடிக்க ஓடினாலே எனக்கு மூச்சு வாங்கும் என்று சொல்லி மானத்தை விற்பதைவிடத் தலையாட்டிவிட்டுப் போவது உத்தமம்.

இரண்டாம் வருஷச் செய்முறைத் தேர்வுக்கு நாற்பது தாண்டிய ஆரோக்கியமான ஒருவரை அவரவரே அழைத்துவர வேண்டும். அவரை டிரெட்மில்லில் நடக்கவிட்டு, வேகத்தைக் கூட்டிக் கூட்டி, எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று கேட்க வேண்டும். பதில் சொல்ல ஓர் அட்டை உண்டு. ஆறு என்றால் சிரமமே இல்லை. இருபது என்றால் இனி முடியாது. ஆள் திணறுமுன் நாம் நிறுத்தியாக வேண்டும். தவறினால் ஃபெயில். அதே பேப்பரை மறுபடி எழுத வேண்டும்.

அப்பாவுக்கு ஆபீஸ். அதனால் கிட்வாய் நகரிலிருந்து அம்மா வந்தாள், புடவையைத் தூக்கிச் செருகி, என் ஷூவை மாட்டிக்கொண்டு. ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து தேங்காயும் இட்லி அரிசியும் சுமந்து வருகிறவளுக்கு இது எம்மாத்திரம் என்ற தெனாவட்டு முகத்தில் இருந்தது.

முதல் வேகத்தில் கேட்டேன். பரவாயில்ல என்றாள். கூட்டிவிட்டுக் கேட்டேன். அதற்கும் பரவாயில்ல. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மையார் பேனாவை நிறுத்தினார்.

"பரவாயில்ல மத்லப் கித்னா?"

பரவாயில்ல என்றால் எத்தனை என்று எந்தப் பாடத்திலும் இல்லை. நம்பராகச் சொல்லும்மா என்று கெஞ்சினேன். ஏழு என்றாள். நெற்றிக் குங்குமம் மூக்குவரை வழிந்திருந்தது. நாடி பார்க்கும் கருவி கத்தாத குறை.

ஏழு என்று எழுதினால் வேகத்தைக் கூட்டியாக வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. மெஷினை நிறுத்திவிட்டேன். ஏன் என்றார் தேர்வாளர். காய்ச்சலில் படுத்தாலும் பரவாயில்ல என்றுதான் சொல்வாள் மேடம் என்றேன். அச்சா என்று எதையோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். பாஸ்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. ஆட்டோவில் ஏறியதும் ஆரம்பித்தாள்.

"ஏல, நான் நல்லாத்தானே நடந்தேன்? அந்தம்மா முன்னால மானத்த வாங்கிட்டியே."

அட்டையை எடுத்துப் பதினேழைக் காட்டினேன். நியாயமாக இதைச் சொல்லியிருக்க வேண்டும், ரொம்பச் சிரமம் என்று அர்த்தம் என்றேன். மூச்சு வாங்குவது, கால் கனப்பது, பேச முடியாமல் போவது என்று பாடத்தையே ஒப்பித்தேன். அவள் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இது தெனமும் சாயங்காலம் இருக்கதுதானல. இதப் போயி எப்படிச் சிரமம்னு சொல்ல?"